கிளட்ச் மாற்றிய பிறகு செல்ஃப் இழுக்கவில்லை, ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது

ஞாயிறு ஸ்பேனர்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார். அப்பா ஓட்டிய வண்டி; அவர் போன பிறகு அதன் வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பிளேட் மாற்றினேன். இறக்கிய கையோடு கியர்பாக்ஸின் வெளிக்கூட்டைத் தேய்த்துக் கழுவிப் பெயிண்டும் அடித்தேன்.

எல்லாம் பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது. வேலைக்கு முன்பு தொட்டவுடன் பிடிக்கும் வண்டி இது. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. வேறு பேட்டரி வைத்தும் அதே முனகல்தான். நான்காவது முறை முயன்றபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால் ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. எப்படியோ இன்ஜின் பிடித்த பிறகு இன்னொன்றையும் கவனித்தேன்: ஹெட்லைட் போட்டால் இன்ஜின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள் சற்று மேலே ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது.

எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, பிரச்சினையாக இருக்குமோ என்று மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே பார்த்தேன். 0.2 ஓம்தான் காட்டியது. ஆகவே எர்த் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன். செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

நான்கு சக்கரம்:

கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டாரைக் கழற்றிப் பிரித்துப் பாருங்கள். பேட்டரி டெர்மினல்களில் வெள்ளைப் பூப்பு இருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள்.

செம்புக்கம்பி:

தம்பி, முதலில் சாவியை எடுத்துவிடுங்கள். இனி ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அந்தக் கேபிளின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் உருகினால் கம்பி சிக்கிக்கொள்ளும். ஓடும் வண்டியில் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செல்ஃப் மோட்டாரில் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. கேபிள் சுடுகிறது என்ற ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. அதனால்தான் பாடியிலிருந்து இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ தடிமனான எர்த் பட்டை ஒன்று தனியாகப் போகிறது. செல்ஃப் இழுக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேலும் போகும். போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை இல்லையென்றால் கிடைத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு திரும்பும். உங்கள் வண்டியில் கிடைத்தது ஆக்சிலரேட்டர் கேபிள்.

வெப்பமானி ஆடுவதும் இதே காரணத்தால்தான். அந்த சென்சாருக்கு ஒரே ஒரு வயர். அதன் எர்த் இன்ஜின் உடம்புதான். ஹெட்லைட்டின் மின்சாரம் பாடியிலிருந்து, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குத் திரும்ப நல்ல வழி இல்லாததால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே சிறு வோல்ட் வித்தியாசம் வருகிறது. முள் அதையும் சேர்த்துக் காட்டுகிறது. இன்ஜின் சூடாகவில்லை, கவலைப்படாதீர்கள்.

இப்போது அந்த 0.2 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண்தான் வரும். அது மீட்டர் வயரின் தடை. தவிர, ஓம் அளவில் மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிக மிகக் குறைவு. நூறு இழைகள் உள்ள பட்டையில் ஒரே இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும், நல்லது என்றே சொல்லும். உங்களுக்கு நல்லது என்று சொன்னதும் அந்த ஆக்சிலரேட்டர் கேபிளின் வழியாகத்தான். கணக்கைப் பாருங்கள்: 0.02 ஓம் தடையை உங்கள் மீட்டரால் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் 150 ஆம்பியர் அதன் வழியே போனால் 3 வோல்ட் அங்கேயே செத்துவிடும். எர்த்தைச் சும்மா இருக்கும்போது சோதிக்கக் கூடாது. வேலை வாங்கிக்கொண்டே சோதிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். ஜம்ப் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் கவ்வ விடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் வயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் பிடிக்காமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை இன்ஜினிலும் கறுப்பைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் வையுங்கள். தூணைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைக்க வேண்டாம், தூணிலேயே வையுங்கள். கிளாம்ப்புக்கும் தூணுக்கும் இடையிலும் இழப்பு இருக்கலாம். யாரையாவது மூன்று நொடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் வந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு.

ஞாயிறு ஸ்பேனர்:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஜம்ப் கேபிளோடு செல்ஃப் பழையபடி துள்ளிச் சுற்றியது, மீட்டரில் 0.2 வோல்ட். பிறகு எர்த் பட்டையைத் தேடினேன். பேட்டரி தட்டுக்குப் பின்னால், வயர் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டியது நானேதான்: கியர்பாக்ஸை இறக்கும்போது குறுக்கே வராமலிருக்க ஒதுக்கி வைத்தேன், திரும்பப் பூட்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பின்னல் பட்டை, பச்சைப் பாசி பிடித்ததுபோல் இருக்கிறது. கையில் வளைத்தால் இழைகள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. அதைப் பூட்ட வேண்டிய இடத்தில் என் பெயிண்ட் பளபளக்கிறது.

செம்புக்கம்பி:

கிடைத்துவிட்டதே, நல்லது. அந்தப் பட்டையைத் திரும்பப் பூட்டாதீர்கள். புதிது வாங்குங்கள், பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைவிட மெலிந்ததாக இருக்கக் கூடாது. இழுத்துக் கட்டாமல் சற்றுத் தொய்வு விடுங்கள். இன்ஜின் ஆடும்போது விறைப்பான பட்டை, லக்கின் (போல்ட் நுழையும் முனை வளையம்) கழுத்தில் அறுந்துவிடும்.

பெயிண்டை உப்புத்தாளால் தேயுங்கள். லக் உட்காரும் வட்டம் முழுவதும் வெள்ளி நிறத்தில் தெரிய வேண்டும். பாடிப் பக்கமும் அப்படியே. உலோகமும் உலோகமும் தொடும்படி, பல் வாஷர் வைத்து இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். முதலில் கிரீஸ், பிறகு போல்ட் என்று செய்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், முடிந்ததும் அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். நெகட்டிவ் கழன்றிருந்தால் பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் இடித்தாலும் பொறி பறக்காது. ஆக்சிலரேட்டர் கேபிளைக் கட்டாயம் மாற்றுங்கள். இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

மஞ்சள் இணைப்பி:

இதைப் படித்துவிட்டு இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள வண்டியில் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்சார்களின் எர்த் பெரும்பாலும் இசியூவுக்கே தனியாகத் திரும்பும். அதை வெட்டிப் பாடியில் கொடுத்துவிடாதீர்கள், அளவுகள் பிசகும். நெகட்டிவ் டெர்மினலின் மேல் சிறு பெட்டிபோல் சென்சார் இருந்தால், கூடுதல் கருவிகளின் எர்த்தைப் பேட்டரித் தூணில் கொடுக்காமல் பாடியில் கொடுங்கள். மஞ்சள் நிற ஏர்பேக் வயர்களில் மீட்டரை வைக்கவே வேண்டாம்.

ஞாயிறு ஸ்பேனர்:

புதுப் பட்டை பூட்டியாயிற்று, கேபிளும் மாற்றியாயிற்று. ஜம்ப் கேபிள் இல்லாமல் 0.15 வோல்ட். ஹெட்லைட் போட்டுப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தேன், முள் அசையவில்லை. கழற்றிய பழைய கேபிளைப் பிரித்துப் பார்த்தேன்: உள்குழல் ஒரு விரல் நீளத்துக்குக் கம்பியோடு ஒட்டிக் கறுத்திருந்தது.

செம்புக்கம்பி:

அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. கருவிப் பெட்டிக்குள் வைத்திருங்கள்.