அஸ்காரியின் தொடர் வெற்றி 7-ஆ, 9-ஆ? 1952, 53 பட்டங்களை எப்படி எடைபோடுவது?

பிட்ஸ்டாப் பாலா:
ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆல்பெர்ட்டோ அஸ்காரி தொடர்ந்து ஜெயித்த பந்தயங்கள் சில பட்டியலில் 9 என்றும், சிலதில் 7 என்றும் இருக்கின்றன. எது சரி? இன்னொரு கேள்வி. அவர் பட்டம் வென்ற 1952, 53 இரண்டு வருடமும் ஓடியது சிறிய எஞ்சின் கொண்ட ஃபார்முலா 2 கார்கள்தான், ஃபெராரி 500-இல் யார் உட்கார்ந்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள் என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்கிறது. அதில் எவ்வளவு உண்மை? 1951-இல் பட்டம் கைநழுவியது டயரால்தானா?

ஸ்டாப்வாட்ச்:
இரண்டு எண்ணும் சரிதான், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 (இண்டி) பந்தயத்தை என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1952-இல் பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி என வரிசையாக 6. 1953 ஜனவரியில் அர்ஜென்டினா, ஆக 7. அதன்பின் மே 30-இல் இண்டி 500. அன்றைக்கு அதுவும் உலக சாம்பியன்ஷிப் பட்டியலில் இருந்தது, அஸ்காரி போகவில்லை. பிறகு நெதர்லாந்து, பெல்ஜியம் இரண்டையும் ஜெயித்தார். சங்கிலி அறுந்தது அடுத்த பிரான்ஸ் பந்தயத்தில், ரேம்ஸில், 4-ஆம் இடத்தோடு.

அட்டவணைப்படி எண்ணினால் 7, அவர் கலந்துகொண்ட பந்தயங்களை எண்ணினால் 9. இண்டியில் ஐரோப்பிய அணிகள் பெரும்பாலும் தலைகாட்டவே இல்லை என்பதால் என் ஓட்டு 9-க்கு. 2013-இல் வெட்டல் ஒரே சீசனில் தொடர்ந்து 9 ஜெயித்தார், 2023-இல் வெர்ஸ்டாப்பன் தொடர்ந்து 10.

புள்ளிகளையும் பாருங்கள். வெற்றிக்கு 8, வேகமான லேப்புக்கு 1, சிறந்த நான்கு முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். 4 x 9 = 36, அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. 1952-இல் அவர் எடுத்தது முழுசாக 36. எல்லாவற்றையும் கூட்டினால் 53.5 வரும். அந்த அரைப் புள்ளி இத்தாலி பந்தயம் நடந்த மான்சாவில் வேகமான லேப்பை கோன்சாலஸோடு பங்கிட்டதால் வந்தது.

நாலாம் கியர்:
போட்டி மெலிந்திருந்தது உண்மை. 1951 முடிவில் ஆல்ஃபா ரோமியோ அணி விலகியது. பிரிட்டிஷ் அணியான பிஆர்எம் வரும் என்று நம்பினார்கள், 1952 ஏப்ரலில் டுரின் பந்தயத்துக்கு அது வரவில்லை. ஃபெராரி மட்டும் தனியாக ஓடும் பந்தயத்துக்கு எவன் டிக்கெட் வாங்குவான்? அமைப்பாளர்கள் 2 லிட்டர் ஃபார்முலா 2-க்கு மாறினார்கள். ஜூனில் மான்சாவில் 1951 சாம்பியன் ஃபாஞ்சியோ கழுத்தெலும்பை முறித்துக்கொண்டு அந்த சீசன் முழுக்க வெளியே இருந்தார்.

ஆனால் "யார் உட்கார்ந்தாலும்" என்பது ஒத்துவராது. அதே ஃபெராரி 500 அவர் அணியில் இருந்த மற்றவர்களிடமும் இருந்தது. 1950 சாம்பியன் ஃபரினா அந்தக் காரில் இரண்டு வருடத்தில் ஜெயித்த சாம்பியன்ஷிப் பந்தயம் ஒன்றே ஒன்று, 1953 ஜெர்மனி. தருஃபி ஒன்று (1952 சுவிஸ், அஸ்காரி அப்போது இண்டியில்), ஹாதோர்ன் ஒன்று. அஸ்காரி 11. அதிலேயே விடை இருக்கிறது.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபெராரி பொறியாளர் லாம்ப்ரெடி வரைந்தது 4 சிலிண்டர், 1985 சிசி. ஃபெராரி என்றாலே V12 (12 சிலிண்டர்) என்றிருந்த காலத்தில் இது துணிச்சல். சிலிண்டர் குறைந்தால் அசையும் பாகங்கள் குறையும், எடை குறையும், நடுத்தர வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். வளைவு நிறைந்த தடத்தில் உச்ச குதிரைத்திறனைவிட அதுதான் உதவும்.

கிராங்ஷாஃப்ட்:
1951 டயர் கேள்விக்கு வருகிறேன், அதாவது பார்சிலோனாவின் பெட்ரால்பெஸ் தடத்தில் நடந்த கடைசிப் பந்தயம். ஆம், டயர்தான், ஆனால் டயர் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. ஃபெராரி வழக்கத்தைவிடச் சிறிய 16 அங்குல சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தது. சுற்றளவு குறைந்தால் மொத்த கியர் விகிதமே தாழ்ந்துவிடும், வளைவிலிருந்து வெளியே பாய்ச்சல் கிடைக்கும். விலை என்னவென்றால், அதே வேகத்துக்கு சக்கரம் அதிக முறை சுழல வேண்டும். பார்சிலோனாவின் அந்த நீண்ட நேர்த்தடத்தில், கனமான 4.5 லிட்டர் காரின் கீழ், ரப்பர் சூடேறி ட்ரெட் (டயரின் மேல்பரப்பு) துண்டு துண்டாகப் பிய்ந்து பறந்தது. முதலிடத்திலிருந்து புறப்பட்ட அஸ்காரி டயர் மாற்றியே 4-ஆவதாக வந்தார். ஃபாஞ்சியோ ஜெயித்தார், பட்டம் 31-க்கு 25.

1952 இண்டியிலும் சக்கரமே காலை வாரியது. 40-ஆவது லேப்பில் ஸ்போக் வீல் நொறுங்கியது. ஓவல் தடத்தில் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதால் வலப்பக்கச் சக்கரங்கள் ஓய்வே இல்லாமல் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். ஐரோப்பியத் தடங்களுக்குக் கட்டிய ஆரக்கம்பி அதற்குத் தாங்கவில்லை.

அஸ்காரி பிற்பாடு ஓட்டிய லான்சியா D50 பற்றி யாரும் எழுதவில்லையே. பொறியாளர் யானோ வடிவமைத்த அந்தக் காரில் V8 எஞ்சினே சட்டகத்தின் ஒரு பாகம். பெட்ரோல் டாங்க் பின்னால் இல்லை, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே இருபுறமும் தொங்கும். எரிபொருள் தீரத் தீர முன்-பின் எடைப் பங்கு மாறாது என்பது லாபம். நஷ்டம் என்னவென்றால், எடையெல்லாம் நடுவில் குவிந்திருப்பதால் பிடி விடும்போது கார் முன்னறிவிப்பில்லாமல் சுழலும். 1955 மே 22, மொனாக்கோ: முன்னால் ஓடிய மோஸ் விலகியதும் முதலிடம் கைக்கெட்டிய நேரத்தில், சுரங்கத்துக்கு அடுத்த சிக்கேனில் (வேகத்தைக் குறைக்க வைத்த இரட்டை வளைவு) அஸ்காரி தடுப்பை உடைத்துக்கொண்டு துறைமுகத்தில் விழுந்தார். மூக்கு உடைந்ததோடு தப்பினார். நான்கே நாளில் மான்சாவில், காஸ்டெல்லோட்டியின் ஃபெராரி 750-ஐச் சும்மா ஓட்டிப் பார்க்கும்போது வியாலோனே வளைவில் உயிர் போனது. வயது 36.

பிட்ஸ்டாப் பாலா:
நன்றி, மூவருக்கும். ஒரு சின்ன சந்தேகம்: 1954-இல் அவர் புள்ளி 1.14 என்று இருக்கிறதே, அச்சுப் பிழையா?

ஸ்டாப்வாட்ச்:
பிழை இல்லை. D50 தாமதமானதால் அந்த வருடம் மசெராட்டி, ஃபெராரி என்று இரவல் கார்களில் ஓட்டினார். பிரிட்டன் பந்தயம் நடந்த சில்வர்ஸ்டோனில் லேப் நேரத்தை முழு நொடியில் மட்டும் எடுத்ததால் ஏழு பேர் 1 நிமிடம் 50 நொடி என்று ஒரே நேரத்தில் நின்றார்கள். ஒரு புள்ளியை ஏழாக வகுத்தால் 0.14. மீதி ஒரு புள்ளி, அக்டோபரில் D50 முதன்முதலாக ஓடிய ஸ்பெயின் பந்தயத்தின் வேகமான லேப்புக்கு. அங்கே முன்னணியில் இருந்த அஸ்காரி கிளட்ச் போய் நின்றுவிட்டார்.