குக்கர் பரிசும் மறைத்த விரலும்: பழக்கம் மாறிய அனுபவங்கள்

பாதுகாப்பு அலுவலர், ஓசூர்

மூன்று மாதம் விபத்து இல்லாவிட்டால் பிரிவில் எல்லோருக்கும் பிரஷர் குக்கர் என்று எங்கள் நிர்வாகம் அறிவித்தது. பதிவேட்டில் விபத்து மளமளவென்று குறைந்தது. உண்மையில் குறைந்தது புகார்தான். சுழலும் சக்கரத்தில் உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டிங் பிரிவில் ஒருவர் கிழிந்த கட்டைவிரலைக் காட்டன் வேஸ்ட்டால் சுற்றி, மேலே கையுறையை மாட்டி, ஷிப்ட் முடியும்வரை வாய் திறக்கவில்லை. (சுழலும் சக்கரத்தின் அருகே கையுறையே ஆகாது என்பது தனிக் கதை.) மறுநாள் விரல் வீங்கியிருந்தது. கேட்டால், "என் ஒருவனால் எல்லார் வீட்டுக் குக்கரும் போய்விடும் சார்" என்கிறார்.

விபத்து நடக்காமல் இருப்பதில் பாதி அதிர்ஷ்டம். கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டுவதோ தொழிலாளியின் கையில் இருக்கிறது. கணக்கெடுக்க வேண்டியது அதைத்தான். அமெரிக்காவில் ஜூடித் கோமாகியும் உடன் ஆய்வாளர்களும் ஓர் உணவுத் தயாரிப்பு ஆலையில் செய்து 1978-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழியில் போனது. இரண்டு பிரிவுகளில் பாதுகாப்பான செயல்கள் 70, 78 சதவீதமாக இருந்தன. எது சரி என்று படம் காட்டி விளக்கி, கவனித்த சதவீதத்தை எல்லோரும் பார்க்கும்படி வரைபடமாக மாட்டியதும் 96, 99 ஆயின. வரைபடத்தை நிறுத்தியதும் 71, 72-க்கு இறங்கின. இந்தக் கடைசி வரியைச் சொன்னால்தான் மேலாளர்களுக்கு முகம் சுருங்குகிறது. ஒரு நாள் பயிற்சி வைத்தால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கிறார்கள்.

குக்கரை நிறுத்தினோம். ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்த கண்ணாடிகளை ஒவ்வொரு கிரைண்டரின் சுவிட்ச் அருகிலும் கொக்கி அடித்துத் தொங்கவிட்டோம். சுவிட்சுக்குப் போகிற கை கண்ணாடியில் இடிக்கும். ஏன் மாட்டுவதில்லை என்று உட்கார்ந்து கேட்டபோது, வியர்வையில் ஆவி படிகிறது, பொறி தெறித்துப் புள்ளி புள்ளியாகிவிட்டது என்றார்கள். அதுவரை 'அலட்சியம்' என்று எழுதி மூடிய அறிக்கைகள் எத்தனையோ! பழையவற்றை மாற்றிக் கொடுத்தோம். இப்போது கண்ணாடி மாட்டியவர்கள் எத்தனை சதவீதம் என்று வாரம் ஒருமுறை பலகையில் எழுதுகிறோம். தனிநபர் பெயர் கிடையாது.

குரூப் 4 தேர்வர், மதுரை

அண்ணா, படிப்பிலும் இதே கூத்துதான். "எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்று வீட்டில் கேட்டால் மணிக்கணக்குதான் வளரும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரின் 2006 ஆய்வைப் படித்தபின் முறையை மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்துகிறார்கள்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கிறேன். அரசியலமைப்பின் 51அ பிரிவில் உள்ள அடிப்படைக் கடமைகளில், 2002-இல் 86-ஆவது திருத்தம் சேர்த்த பதினொன்றாவது கடமை எப்போதும் சிவப்பில்தான் வந்துகொண்டிருந்தது. உட்காரும் நேரத்துக்கு உளவியலாளர் கோல்விட்சர் சொன்ன 'இது நடந்தால் இதைச் செய்வேன்' உத்தி: மாலை டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் மேசைக்குப் போவேன். 'தினமும் படிப்பேன்' என்ற சபதத்தைவிட இந்த டம்ளர் உருப்படியாக வேலை செய்கிறது.

ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், ஈரோடு

எங்கள் வேலையில் சிக்னலைக் கண்டதும் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் கையை நீட்டி, வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். புதிதாக வரும் பையன்கள் வெட்கப்படுவார்கள். ஜப்பானில் சுட்டிக்காட்டிச் சொல்வதைச் சோதித்தபோது தவறுகள் 2.38 சதவீதத்திலிருந்து 0.38 ஆகக் குறைந்தன. கண் பார்த்ததைக் கையும் வாயும் காதும் சரிபார்க்கின்றன. தூக்கம் அழுத்தும் பின்னிரவில் அந்தச் சத்தம்தான் எங்களை விழிக்க வைத்தது.

பாதுகாப்பு அலுவலர், ஓசூர்

ஐயா, நல்ல யோசனை. சுவிட்ச் போடுமுன் "கண்ணாடி!" என்று சொல்லவைக்கலாமா என்று போர்மேனிடம் கேட்டேன். "முதலில் நீங்கள் ஒரு வாரம் சொல்லுங்கள் சார், பிறகு நாங்கள் சொல்கிறோம்" என்கிறார். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்.