சம்மன் வந்திருக்கிறது: 296(பி), 115(2), 351(3). முதல் வாய்தாவிலேயே ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடலாமா?

குறிஞ்சிமலர்:
தம்பிக்கு (வயது 24) நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் நடந்த வரப்புத் தகராறு. அன்றே ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். இப்போது குற்றப்பத்திரிகை தாக்கலாகி சி.சி. எண் (நீதிமன்ற வழக்கு எண்) விழுந்துவிட்டது. பி.என்.எஸ். (ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2), 351(3) என்று போட்டிருக்கிறார்கள். "ஒத்துக்கோ, ஃபைனோட முடிஞ்சிரும், சாயங்காலம் வீட்டுக்கு வந்திரலாம்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவன் காவலர் தேர்வுக்கும் குரூப் 4-க்கும் படிக்கிறான், பாஸ்போர்ட்டும் எடுக்கணும். எதிர்த்தரப்பு சமாதானத்துக்குத் தயார். என்ன செய்யலாம்?

கருப்புக்கோட்டு:
ஒத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் ரூபாய் அபராதமானாலும் அது 'குற்றவாளி' என்ற தீர்ப்புதான். தானாக ஒப்புக்கொண்டவருக்கு அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீலும் கிடையாது. தண்டனையின் அளவு, அதன் சட்டப்படியான தன்மை, இந்த இரண்டைப் பற்றி மட்டுமே போகலாம் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 416).

பிரிவுகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2024 ஜூலை 1-க்கு முன் இதே தகராறு நடந்திருந்தால் பழைய ஐ.பி.சி.-யின் 294(பி), 323, 506(2) என்று எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டில் கைகலப்பு வழக்கென்றாலே இந்த மூன்றும் சேர்ந்துதான் வரும். அதற்குக் காரணம் உண்டு. கையால் அடித்ததாகச் சொல்லும் 115(2)-ஐ மட்டும் வைத்து, நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதாகச் சொல்லும் 296 அப்படியில்லை, நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். ஒன்று அப்படி இருந்தால் மொத்த வழக்கையுமே அப்படி எடுத்துக்கொள்ள பி.என்.எஸ்.எஸ். 174(4) இடம் தருகிறது. அதனால்தான் அடிதடி வழக்குக்கெல்லாம் கெட்ட வார்த்தைப் பிரிவும் துணைக்கு வருகிறது.

அதிகபட்சத் தண்டனை: 296-க்கு 3 மாதம் அல்லது ரூ.1,000 அபராதம் அல்லது இரண்டும். 115(2)-க்கு 1 ஆண்டு அல்லது ரூ.10,000 அல்லது இரண்டும். 351(3), அதாவது கொலை மிரட்டல், 7 ஆண்டு வரை. முதல் வழக்கில் யாரும் 7 ஆண்டு கொடுக்கப்போவதில்லை. ஆனால் நடைமுறையை மாற்றுவது அந்த எண்தான். 2 ஆண்டுக்கு மேல் என்பதால் சம்மன் வந்திருந்தாலும் விசாரணை முறைப்படி இது சம்மன் வழக்கு அல்ல, வாரண்ட் வழக்கு. நடுவர் குற்றச்சாட்டு வனைவதற்கு (முறைப்படி எழுதிப் பதிவதற்கு) முன் எப்போது வேண்டுமானாலும் விடுவிப்பு மனு, அதாவது விசாரணைக்குப் போகாமலே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் மனு, போடலாம்.

நாணல்:
கடைசி வரியில் ஒரு திருத்தம், சார். பழைய நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.-யின் 239-க்குத்தான் 'எப்போது வேண்டுமானாலும்' பொருந்தும். இப்போது பி.என்.எஸ்.எஸ். 262-ல் கெடு இருக்கிறது: வழக்கு நகல்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாள். ஆகவே நகல் வாங்கும்போது தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள், அந்தத் தேதியை வீட்டிலும் குறித்து வையுங்கள். நகல் இலவசம். ஆஜரான 14 நாளுக்குள் தந்தாக வேண்டும் (230).

நகல் கட்டு வந்ததும் முதலில் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியை (காயத்தைப் பற்றிய விபத்துப் பதிவேட்டு நகல்) தேடுங்கள். எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, கையாலா கட்டையாலா என்று டாக்டர் அங்கே எழுதியிருப்பார். எஃப்.ஐ.ஆருக்கும் முன்னால் எழுதிய தாளாக அது இருப்பதுண்டு. அதில் "ஒருவர்" என்றிருந்து, எஃப்.ஐ.ஆரில் மூன்று பேர் முளைத்திருந்தால் குறுக்கு விசாரணைக்கு அதுவே போதும். அடுத்து, சாட்சிகளின் வாக்குமூலங்கள் வார்த்தை மாறாமல் ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்று பாருங்கள். திட்டிய சொல் என்னவென்று எழுதியிருக்கிறதா, கேட்டவர்களுக்கு அதனால் தொல்லை ஏற்பட்டதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பதும் முக்கியம். வெறும் வசவு ஆபாசமாகாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் 294(பி) வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. வரப்பு பொது இடமா என்ற கேள்வியும் உங்களுக்குச் சாதகம்.

கருப்புக்கோட்டு:
நாணல் சொல்வதுதான் சரி. பழைய எண்ணும் பழைய பழக்கமும் இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.

குறிஞ்சிமலர்:
நன்றி. சமாதானம் என்றால் கோர்ட்டிலேயே எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாமா? புகார் கொடுத்தவர் "நான் பிறழ் சாட்சியா மாறிடறேன்" என்கிறார், அதாவது கோர்ட்டில் புகாருக்கு மாறாகச் சொல்லிவிடுகிறாராம்.

நாணல்:
115(2)-ஐ பி.என்.எஸ்.எஸ். 359-ன் கீழ் சமரசமாக முடிக்கலாம், அதற்கு விடுதலையின் பலன் உண்டு. 296 அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் நடுவர் நீதிமன்றத்தில் முழு வழக்கும் முடியாது. கூட்டு சமரச மனு, இரு தரப்பு உறுதிமொழிப் பத்திரங்களோடு உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் வழக்கையே ரத்து செய்யக் கேட்பதுதான் வழி. புகார்தாரரும் அடையாளச் சான்றோடு அங்கே வர வேண்டியிருக்கும்.

பிறழ் சாட்சி யோசனை உங்கள் தம்பிக்குச் சரிவராது. மற்றவர்களுக்கு விடுதலை விடுதலைதான். தமிழ்நாடு காவலர் தேர்வில் அப்படியில்லை. சந்தேகத்தின் பலனிலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரை 'வழக்கில் தொடர்புடையவர்' என்றே பணி விதி 14(பி) கருதுகிறது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் எந்தச் சொல் விழுகிறது என்பதைப் பொறுத்து வேலை போகும். ரத்து அல்லது விடுவிப்பு இரண்டில் ஒன்றுக்கு முயலுங்கள்.

கருப்புக்கோட்டு:
குரூப் 4 விண்ணப்பத்திலும் சரிபார்ப்புப் படிவத்திலும் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். 2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிகள் வகுத்தது. சின்ன வழக்கை மன்னிக்கும் உரிமை நியமன அதிகாரிக்கு உண்டு, ஆனால் மறைத்ததே தனிக் குறையாகிவிடும். பின்னாளில் சேவையில் இருக்கும்போது தண்டனை வந்தால், அரசியலமைப்பின் 311(2) விதிவிலக்குப்படி துறை விசாரணை இல்லாமலே நீக்கலாம்.

பாஸ்போர்ட் விஷயத்தில், எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்த வரை தடை இல்லை. இப்போது நீதிமன்றம் கோப்பில் எடுத்துவிட்டதால், நிலுவையில் உள்ள குற்ற வழக்கைப் பற்றிய பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) குறுக்கே வரும். அதே நடுவரிடம் அனுமதி மனு போடுங்கள். உத்தரவில் எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கால அளவு இல்லாத உத்தரவென்றால் 1993 அறிவிக்கையின்படி ஓராண்டு பாஸ்போர்ட்தான் கிடைக்கும். பலர் கோட்டைவிடுவது இந்த ஒரு வரியில்தான்.

வழக்கு நடந்து தண்டனை என்றே ஆனாலும், தீர்ப்பன்று 1958 நன்னடத்தைச் சட்டம் பிரிவு 4-ஐ (சிறைக்குப் பதில் நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவது) கேட்க வக்கீலிடம் சொல்லி வையுங்கள். பிரிவு 12, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்கும். குற்றத் தீர்ப்பையே அழிக்காது.

குறிஞ்சிமலர்:
கடைசியாக ஒன்று. சம்மன் தேதியன்றே அவனுக்குப் பரீட்சை. போகாவிட்டால்?

நாணல்:
சும்மா போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் என்பதால் பி.என்.எஸ். 269 என்று தனி வழக்குக்கும் இடம் உண்டு. வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்து, ஹால் டிக்கெட் நகலோடு, அன்று நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்டு பி.என்.எஸ்.எஸ். 355 மனு போடட்டும். கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய எண்ணில் '317 மனு' என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். அடுத்த தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்குக்குரிய 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வைத்துப் பார்க்கலாம். வாரண்ட் வந்தேவிட்டால் போலீஸ் தேடி வரும்வரை காத்திராமல் தானே ஆஜராகி பி.என்.எஸ்.எஸ். 72(2)-ல் வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்டு மனு போட வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அதே வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். தொலைபேசி 15100. வருமான வரம்புக்குள் இருந்தால் வக்கீல் இலவசம்.