ஜரிகையைத் தொட்டால் குரல்: ஹாலில் மட்டும் தானாகவே பேசுது

கோலப்புள்ளி:
பெங்களூரில் அடுத்த மாதம் ஒரு குழுக் கண்காட்சி. நான் வைப்பது விரித்துத் தொங்கவிட்ட பழைய காஞ்சிப் பட்டு. கரையில் 12 மாங்காய், ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு பாட்டியின் குரல். தொடுகையை உணர எம்பிஆர்121 போர்டு, கட்டுப்படுத்த ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி, ஒலிக்கு டிஎஃப்பிளேயர் மினி. லேப்டாப்பில் செருகி, வெட்டிய ஜரிகைத் துண்டில் பார்த்தபோது சரியாக வந்தது. ஹாலில் போன் சார்ஜரில் ஓட்டினால் யாரும் தொடாமலே பேசுது. பவர் பேங்கில் அழுத்திப் பிடித்தாலும் பாதி நேரம் மௌனம். போதாக்குறைக்கு எந்த மாங்காயைத் தொட்டாலும் முதல் பாட்டிதான் வர்றாங்க. த்ரெஷோல்டை (எவ்வளவு மாறினால் தொடுகை என்று எண்ணும் அளவு) ஏற்றி இறக்கிப் பார்த்தாச்சு. கோளாறு புரோகிராமிலா, கரண்டிலா, துணியிலா?

நாடாக்கட்டை:
ஒரே பாட்டி வருவது துணியால். ஜரிகை பாவில் (நீளவாட்டு இழையில்) ஓடும் கரை என்றால் புடவை நீளத்துக்கும் அதே இழைதான். கண்ணுக்கு 12 மாங்காய், கரண்டுக்கு ஒரே கம்பி. முந்தியும் உதவாது, அங்கே ஊடை (குறுக்கு இழை) ஜரிகை கரைக்குக் கரை போகும். உடலில் வரும் புட்டாவை (தனித்தனிச் சின்னப் பூ வேலை) பாருங்க. பின்பக்கம் புரட்டினால் புட்டாவுக்குப் புட்டா இழை தொங்கிப் போகுதா? அப்படியானால் நடுவில் நறுக்கணும். கையால் தனித்தனி நாடாவில் (நூல் செலுத்தும் கட்டை) எடுத்த புட்டாவில் அந்தத் தொடர்பே இருக்காது.

பழைய புடவையை நறுக்க எனக்கு மனசு வராது. சிக்பேட்டையில் ஜரிகை லேஸ் வாங்கி, இடைவெளி விட்டு மேலே தைங்க. கடைக்கு மல்டிமீட்டரோடு போங்க, கரண்ட் ஓடும் பாதை இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து. வெள்ளி ஜரிகை (கீறினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும்), செம்பில் செய்த டெஸ்டட் ஜரிகை இரண்டும் பீப் அடிக்கும். பிளாஸ்டிக் ஜரிகை எவ்வளவு மின்னினாலும் அடிக்காது. டெஸ்டட்டில் மேல்பூச்சு மறைத்தால், இணைப்பு வரும் இடத்தை மட்டும் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கணும். பட்டில் சால்டர் வைக்காதீங்க, கருகும். உலோகப் பிரஸ் பட்டன் தைத்து, அதன் மறுபாதியில் ஒயரைச் சால்டர் பண்ணுங்க. துணியைக் கழற்றவும் சுலபம்.

ஓம்முருகா:
மீதி இரண்டும் எர்த் பிரச்சினை. மலிவான இரண்டு பின் சார்ஜர் தன் ஸ்விட்சிங் இரைச்சலை மொத்த சர்க்யூட்டிலும் ஏற்றும். போர்டு அதை விரல் என்று நினைக்கும். பவர் பேங்க் நேர்மாறு, தரையோடு ஒட்டே இல்லாததால் விரல் பட்டாலும் மாற்றம் சின்னதாகத்தான் தெரியும். உங்கள் லேப்டாப் மூன்று பின் சார்ஜரில் இருந்திருக்கும், அதான் ஒழுங்காக நடந்தது.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மூன்று பின் 5 வோல்ட் அடாப்டர் வாங்குங்க. பிளக்கைச் செருகாமலே, பெரிய பின்னுக்கும் டிசி நெகட்டிவுக்கும் இடையே பீப் வருதா பாருங்க. சிலதில் அந்தப் பின் வெறும் அலங்காரம். சாக்கெட் ஓட்டையில் நேராக ஒயர் சொருகும் வேலை மட்டும் வேண்டாம். கூடுதலாக, பார்வையாளர் நிற்கும் பாய்க்கு அடியில் அலுமினியத் தாள் விரித்து சர்க்யூட்டின் கிரவுண்டில் (டிசி நெகட்டிவ்) சேர்த்தால் தொடுகை இன்னும் திடமாகும்.

புட்டாவிலிருந்து போர்டுக்கு ஒயர் 30 செ.மீ. தாண்டாமல் பாருங்க, ஒயரும் ஆன்டெனாதான். நீளத் துணிக்கு இரண்டு போர்டு போடலாம். முகவரியைத் தீர்மானிக்கும் ஏடிடிஆர் பின்னின் இணைப்பை மாற்றி, நான்கு போர்டு வரை ஒரே ஐ2சி-யில் (போர்டுகள் பேசிக்கொள்ளும் இரண்டு ஒயர் இணைப்பு) ஓடும். அதெல்லாம் முடிந்த பிறகு த்ரெஷோல்டைத் தொடுங்க.

கோலப்புள்ளி:
நன்றி இருவருக்கும். எம்பிஆர் போர்டை விட்டு ஈஎஸ்பி32-இன் டச் பின்னிலேயே முடிக்கலாமா?

ஓம்முருகா:
பழைய ஈஎஸ்பி32-இல் 10 டச் பின்தான். ஈஎஸ்பி32-சி3 என்ற வகையை வாங்கிடாதீங்க, அதில் ஒன்றுகூட இல்லை. ஈஎஸ்பி32-எஸ்3 வகையில் 14 உண்டு, ஆனால் தொட்டால் பின் காட்டும் எண் ஏறும், பழையதில் இறங்கும். புரோகிராமில் அதைத் திருப்பணும்.

வீணைத்தந்தி:
ஒலிக்கு இரண்டு விஷயம். டிஎஃப்பிளேயரில் ஃபைல்களை எம்பி3 என்ற ஃபோல்டரில் 0001, 0002 என்று பெயரிட்டுப் போடுங்க. இல்லையென்றால் காப்பி செய்த வரிசையில் பாடும். டிஎஃப்பிளேயரின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும்) ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால் ஸ்பீக்கர் இரைச்சல் குறையும். பல கை ஒரே நேரம் பட்டால் யார் பேசணும் என்று முன்பே முடிவு பண்ணுங்க. கலைஞர் ஷில்பா குப்தா 100 மைக்குகளையே ஸ்பீக்கராக மாற்றித் தொங்கவிட்ட படைப்பில் (2019 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியிலும் இருந்தது) ஒரு குரல் வரியைச் சொல்ல மற்றவை பின்பாட்டாகச் சேரும். அத்தனை குரல் இருந்தும் சந்தைக்கடை ஆகாததற்கு அந்த ஒழுங்கே காரணம்.

பவர் வரும் நொடியில் போர்டு எதைப் பார்க்குதோ அதையே "தொடாத நிலை" என்று வைத்துக்கொள்ளும். பெங்களூரில் கரண்ட் போய் வரும்போது யாராவது புட்டாவில் கை வைத்திருந்தால் அந்தப் பாட்டி அப்புறம் தடுமாறுவார். அதோடு, 60 நொடி விடாமல் தொடுகை காட்டினால் போர்டை மறுபடி துவக்க நாலு வரி எழுதுங்க. காலையில் ஸ்விட்ச் போடும் ஹால் ஊழியரிடம் துணியைத் தொடாமல் தள்ளி நின்று போடச் சொல்லுங்க.