குன்னூர் ஈரத்தில் ஊறிய பழைய செவ்வாய் கிரக பபிள்கம் அட்டைகள்: எப்படிக் காப்பாற்றுவது?

மூடுபனி_குன்னூர்

வணக்கம். அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி பபிள்கம்மோடு சேர்த்து விற்ற ‘மார்ஸ் அட்டாக்ஸ்’ (செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்கும் கதை) பட அட்டைகள் 22, மெழுகுத்தாள் உறை ஒன்று, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. 6 அட்டைகள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன. ஓர் அட்டையின் பின்பக்கம் கம் துண்டு கல்லாகி, அப்பியபடி நிற்கிறது. 3 அட்டைகளில் மெழுகுப் படலம். நாலைந்தில் சாம்பல் நிறப் பூஞ்சணப் புள்ளிகள். ஓரங்களில் ராமபாணப் பூச்சி அரித்த தடமும் உண்டு.

வீட்டில் எல்லாரும் “நீலகிரித் தைலம் தொட்டுத் துடை, கம் தானாக வந்துவிடும்” என்கிறார்கள். செய்யலாமா? இவை 1962 அசலா, பின்னால் வந்த மறுபதிப்பா என்று எப்படிப் பார்ப்பது? விற்கும் எண்ணம் இல்லை. கண்ணாடிக் கவசத்துக்குள் மூளை பிதுங்கி நிற்கும் அந்த முகங்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. அதை என் கையாலேயே கெடுத்துவிடக் கூடாது.

லவ்டேல்_பழந்தாள்

தைலம் வேண்டவே வேண்டாம். துணியில், கண்ணாடியில் ஒட்டிய கம்மைத் தைலம் கரைக்கும், அது உண்மைதான். ஆனால் இந்த அட்டையின் பின்பக்கம் பூச்சு இல்லாத வெறும் அட்டை. எண்ணெய் உள்ளே இறங்கி, எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள் மாதிரி நிரந்தரத் திட்டாகிவிடும். கரைந்த கம்மும் அதோடு உள்ளே போகும். அதே டின்னில் அந்துருண்டை, கற்பூரம் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்த ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கி அட்டையோடு ஒட்ட வைத்துவிடும்.

கோத்தகிரி_சேகரிப்பு

முதலில் எதையும் துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். காய வைப்பதுதான் முதல் வேலை. அதுவும் மெதுவாக.

ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். மலிவு மீட்டர்கள் நாலைந்து புள்ளி தவறாகக் காட்டும், அதனால் சோதித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். சோடா மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து நீராகிவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஜிப் கவரில் போட்டு இறுக்கி மூடி 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் வேறு எண் காட்டினால் அந்த வித்தியாசத்தை எப்போதும் கழித்தோ கூட்டியோ படியுங்கள்.

டின்னை விட்டுவிடுங்கள். தகரம் ராத்திரியில் சட்டென்று குளிர்ந்து உள்பக்கம் வியர்க்கும், பிறகு துருப்பிடிக்கும். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது பாலிபுரோப்பிலீன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் பழைய வேட்டித் துணியில் பையாகத் தைத்துப் போடுங்கள், அப்போதுதான் அவற்றின் தூசி அட்டையில் படாது. முதல் வாரம் 30 கிராம் மட்டும். மீட்டர் 60-க்கு மேலேயே நின்றால் இன்னொரு 30. 50-ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். 40-க்குக் கீழே போனால் ஒரு பையை வெளியே எடுங்கள். ஒரேயடியாகக் காய்ந்தால் அச்சு இருக்கும் பக்கமும் வெறும் பக்கமும் வேறுவேறு அளவில் சுருங்கும். அட்டை கிண்ணம்போல வளையும், மடிப்பு இருந்த இடத்தில் மை வெடிக்கும். கணப்பு பக்கத்தில் வைத்துக் காய வைத்த அட்டைகள் கெடுவது இப்படித்தான்.

ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் கரும்பச்சையாகும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கும், நச்சு. திரும்பக் காய்ச்ச ஓவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம். வாணலியில் வறுத்தால் சூடு கட்டுக்குள் நிற்காது, ஜெல் மணிகள் வெடிக்கும். அரிசி போடச் சொல்வார்கள். வண்டும் மாவும்தான் மிஞ்சும்.

பூஞ்சணம் ஈரமாக இருக்கும்போது தொட்டால் சாம்பல் நிறம் அட்டைக்குள் தேய்ந்து இறங்கும். இரண்டு வாரம் காய்ந்தபின், முகக்கவசம் போட்டு, வாசலில் நிழலில் நின்று மெல்லிய ஓவியத் தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். வெயில் வேண்டாம், மஞ்சளும் சிவப்பும் வெளிறிவிடும். பிளீச்சிங் தண்ணீரும் கூடாது.

ஒட்டிய 6 அட்டைகளை ஒட்ட வைத்திருப்பது பெரும்பாலும் கம்மின் சர்க்கரையும் ஈரமும்தான். மூன்று வாரம் காய்ந்ததும் சர்க்கரை நொறுங்கும் பதத்துக்கு வரும். கட்டியை இரண்டு கையாலும் பிடித்து லேசாக, மிக லேசாக வளைத்துப் பாருங்கள். ‘டிக்’ என்று சத்தம் வந்தால் ஓர் இடைவெளி திறந்திருக்கிறது. மெழுகு பூசாத, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை (ஃப்ளாஸ்) மூலையில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்து நகருங்கள். வெள்ளை நார் தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். அச்சுத் தோல் உரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கட்டியாகவே இருந்தாலும் அட்டை அட்டைதான். ஆவி காட்டாதீர்கள்.

கல்லான கம்முக்கு ஃப்ரீசர். ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி 30 நிமிடம் வையுங்கள். எடுத்த ஒரு நிமிடத்துக்குள், மூங்கில் குச்சியின் தட்டை முனையால் பக்கவாட்டில் நெம்பினால் சில்லு சில்லாக வரும். மேலிருந்து குத்தாதீர்கள். குளிர்ந்த அட்டையில் மூடுபனி நாளின் காற்று பட்டால் உடனே நீர் படியும், சர்க்கரை மறுபடி பசையாகும். அதனால் குன்னூரில் இதை ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்யாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் அடிக்கும் நண்பகலில் செய்யுங்கள். கம் போனபின் தங்கும் பழுப்புக் கறை போகாது, போக்கவும் வேண்டாம். கம்மோடு சேர்ந்து கிடந்த அட்டை என்பதற்கு அதுதான் சாட்சி.

முன்பக்க மெழுகுக்கு நைலான் காலுறை. அட்டையைச் சுத்தமான கண்ணாடி மேல் வைத்து, வட்டமாக 20 தடவை லேசாகத் தேய்த்துவிட்டு, சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். பின்பக்க மெழுகைத் தொடாதீர்கள். ஒற்றுத்தாள் வைத்து இஸ்திரி போடுவது பெரிய தவறு. மெழுகு உருகி உள்ளே இறங்கி, அட்டை அந்த இடத்தில் கண்ணாடிபோல ஆகிவிடும்.

மூடுபனி_குன்னூர்

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. உப்பு சோதனையில் மீட்டர் 79 காட்டியது. டின்னுக்குள் 81.

கோத்தகிரி_சேகரிப்பு

அப்படியென்றால் 4 கழித்து 77. பூஞ்சணம் 65-க்கு மேலேயே கிளம்பிவிடும். இன்றே டப்பா மாற்றுங்கள். வெளிச்சுவரில் பதித்த அலமாரியில் வைக்காதீர்கள், கல் சுவர் குளிர்ந்தே இருக்கும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல்.

பைக்காரா_லென்ஸ்

அசலா என்பதற்கு. 1962-இல் வந்த வரிசையில் மொத்தம் 55 அட்டைகள், 55-ஆவது சரிபார்ப்புப் பட்டியல். ஐந்து சென்ட் பொட்டலத்தில் 5 அட்டையும் ஒரு கம்மும். லென் பிரவுனும் வுடி கெல்மனும் யோசித்தது, வண்ணம் தீட்டியது நார்மன் சாண்டர்ஸ். கொடூரம் அதிகம் என்று பெற்றோர் எதிர்த்ததால் டாப்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டது. அந்தச் சின்னச் செவ்வகத்துக்குள் சாண்டர்ஸ் தீட்டிய நெருப்பையும் புகையையும் லென்ஸ் வைத்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு வேலை இருக்கிறது.

பின்பக்கம் பதிப்புரிமை (காப்பிரைட்) வரியில் ‘பபிள்ஸ் இங்க்’ (Bubbles Inc.) என்று இருக்க வேண்டும். டாப்ஸ் அப்போது இந்த வரிசைக்கு அந்தப் பெயரைத்தான் போட்டது. டாப்ஸே 1994-லும் 2012-லும் மறுபதிப்பு போட்டது, அதனால் பதிப்புரிமை வரியில் பிந்தைய ஆண்டு தெரிந்தால் அங்கேயே முடிந்தது. அளவு 63.5-க்கு 88.9 மில்லிமீட்டர். குறைந்தால் ஓரம் வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்து 10 மடங்கு லென்ஸ். அசலில் படம் புள்ளிகளாகவும், கறுப்பு எழுத்து ஓரம் சுத்தமாக முழு மையாகவும் இருக்கும். அட்டையைப் படமெடுத்து அடித்த நகலில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடையும், படத்தில் புள்ளி மேல் புள்ளி விழுந்து அலை அலையாகத் தெரியும். ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் அட்டை நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஒளிராததால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள்.

1-ஆம் எண்ணும் 55-ஆம் எண்ணும் இருக்கின்றனவா? கட்டின் மேலும் கீழும் இருந்து ரப்பர் பேண்ட் அறுத்தது அவற்றைத்தான், அதனால் நல்ல நிலையில் கிடைப்பது அரிது.

லவ்டேல்_பழந்தாள்

ராமபாணத்துக்கு ஒரு வார்த்தை. அட்டை முழுக்கக் காய்ந்த பிறகு இரட்டை ஜிப் கவரில் போட்டு மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம். வெளியே எடுத்து 24 மணி நேரம் கவரைத் திறக்காதீர்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் மெல்லிய பாலிபுரோப்பிலீன் உறையில் போடுங்கள். பசைப் பக்கம் உள்ள போட்டோ ஆல்பம் கூடாது. புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் பிளாஸ்டிக்கும் கூடாது, அது மென்மையாக்கிய பி.வி.சி., நாள்பட்டால் எண்ணெய் கசிந்து மையைத் தூக்கும். சந்தேகமிருந்தால் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பி.வி.சி. திறந்த வெளியில் செய்யுங்கள், புகை கெட்டது. மெழுகுத்தாள் உறையை மடிப்பு நீவாமல், அமிலமில்லாத தாளுக்கு நடுவில் தட்டையாக, அட்டைகளைத் தொடாமல் தனியாக வையுங்கள்.