முகம் தெரிந்ததில் பயமில்லை, வீட்டு கேட் தெரிந்ததில்தான்

ஈரோடு, மசாலாப் பொடி:

மூணு வருஷமா வீட்டிலேயே சாம்பார் பொடி, ரசப்பொடி போட்டு விற்கிறேன். முதல் வருஷம் இன்ஸ்டாகிராமில் பாக்கெட் படம் மட்டும்தான். மாசம் எட்டு ஆர்டர் வந்தால் பெரிசு, அதிலும் பாதி சொந்தக்காரங்க. ஒருநாள் குண்டு மிளகாய் வறுக்கிறதை வீடியோ எடுத்தேன். நெடி ஏறி வரிசையா தும்மல், கண்ணெல்லாம் தண்ணி, "டேய், ஜன்னலைத் திறடா"ன்னு பையனைக் கத்துறது எல்லாம் பதிவாயிடுச்சு. நான் அழிக்கிறதுக்குள்ள அவன் போட்டுட்டான். அந்த வாரம் மட்டும் 43 ஆர்டர்.

வீட்டுக்காரரோட சித்தி போன் பண்ணி, "பொடியை விக்கிறியா, மூஞ்சியை விக்கிறியா?"ன்னு கேட்டாங்க. தீபாவளிக்கு அவங்களே மக வீட்டுக்கு ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனாங்க, காசு கொடுக்காம.

சொல்ல வந்தது அது இல்லை. போன மாசம் ஒரு ஞாயிறு, ராத்திரி ஒன்பதரை. கேட்டில் ரெண்டு பேர். "பொடி அக்கா வீடுதானே? வீடியோல பாத்திருக்கோம்." கம்பிக்கு உள்ளே நின்னபடியே அரைக்கிலோ கொடுத்தேன், காசும் சரியா கொடுத்தாங்க. போகும்போது ஒருத்தர், "சார் இல்லீங்களா?"ன்னார். சாதாரணமாக் கேட்டதாகவும் இருக்கலாம். ஆனா அன்னைக்கு மதியம்தான் ஸ்டோரியில், "இந்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட், பேக்கிங் எல்லாம் நான் ஒத்தையா"ன்னு புலம்பியிருந்தேன். விடிய விடியத் தூக்கம் வரல.

கூகுள் மேப்பில் வீட்டையே கடைன்னு குறிச்சு வச்சிருந்தேன். மறுநாள் காலையில் முகவரியை மறைச்சு, டெலிவரி பண்ற ஏரியா மட்டும் தெரியற மாதிரி மாத்தினேன். லேபிளில் ஒண்ணும் பண்ண முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) கொடுக்கிற 14 இலக்க எண்ணும் தயாரிக்கிற இடத்தோட முகவரியும் போட்டே ஆகணும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் என் வீட்டு விலாசம் ஊர் சுத்துது. என்னை மாதிரி தொழிலை வீடியோவில் போடுற நீங்கள்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

மதுரை, ஏசி மெக்கானிக்:

எனக்கு வந்தது வேற மாதிரிங்க. ரிப்பேர் பண்றதை யூடியூப்ல போடுவேன், ரேட்டையும் சேத்துச் சொல்லிருவேன். கெப்பாசிட்டர்ங்கிற சின்னப் பாகம் போயிருந்தா, ஏசியோட முக்கியப் பாகமான கம்ப்ரஸரே போச்சுன்னு பயமுறுத்துறவங்க இருக்காங்க. நான் அந்தக் கெப்பாசிட்டரைக் கையில வச்சுக்கிட்டு, கடையில வாங்கின பில்லையும் காட்டி, "பொருள் 280, என் கூலி 350"ன்னு ஒரு வீடியோ போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு டீக்கடையில எங்க ஏரியா ஆளுக மூணு பேர் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. சண்டைக்கெல்லாம் வரல. மூத்தவர் ஒருத்தர், எனக்கே தொழில் சொல்லிக்கொடுத்தவர், டீயை ஆத்திக்கிட்டே, "தம்பி, நீ ஒண்டிக்கட்டை. எனக்கு ரெண்டு பொண்ணு. மழைக்காலத்துல மூணு மாசம் வேலையே இருக்காதுன்னு உன் வீடியோல சொன்னியா?"ன்னு கேட்டாரு. பதில் வரல எனக்கு. அந்த வீடியோவை நீக்கல, ஆனா அடுத்ததுல மழைக்காலத்தைப் பத்தியும் பேசினேன். அவருக்கு அனுப்பினேன், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

ராத்திரி 11 மணிக்கு "ஏசில தண்ணி சொட்டுது, என்ன பண்ணலாம்"னு கூப்பிடுறவங்களைப் பத்தி எழுதினா விடிஞ்சிரும்.

சென்னை பல்லாவரம், வீட்டு பேக்கரி:

நம்பரை எல்லா இடத்திலும் போட்டால் யார் வேணும்னாலும் கூப்பிடுவாங்க, அதுக்கு என் கதை. "ஆர்மி ஆபீசர் பேசறேன், கண்டோன்மென்ட்டுக்கு 30 கேக் வேணும்"னு இந்தியும் இங்கிலீஷும் கலந்து ஒருத்தர். எங்க பக்கம் நிஜமாவே கண்டோன்மென்ட் இருக்கே, சந்தேகமே வரல. யூனிஃபார்ம் போட்ட படத்தோட அடையாள அட்டையும் அனுப்பினார். "எங்க அக்கவுண்ட் முறை வேற மேடம். நீங்க ஸ்கேன் பண்ணி 1 ரூபாய் போடுங்க, 2 ரூபாயா திரும்பி வரும்." போட்டேன். 2 ரூபாய் வந்துச்சு! அடுத்து 9,000 ரூபாய்க்கு ஒரு க்யூஆர். பின் நம்பரில் மூணு இலக்கம் அடிச்சுட்டேன். காலேஜ் போற தம்பி எட்டிப் பார்த்து, "வர்ற பணத்துக்கு எதுக்குக்கா பின்னு?"ன்னான். கை அப்படியே நின்னுடுச்சு. சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்குப் போன் பண்ணிச் சொன்னோம். 12 முட்டை உடைச்சு வச்சிருந்தேன், அன்னைக்கு ராத்திரி வீடு முழுக்க ஆம்லெட்.

ஈரோடு அக்கா, அந்த ஸ்டோரி விஷயம்தான் எனக்கு உறைக்குது. ஊருக்குக் கிளம்பினா கிளம்புறப்பவே போடற ஆள் நான். இனி திரும்பி வந்து கதவைத் திறந்த பிறகுதான்.

திருப்பூர், ஆரி வொர்க்:

நான் முகமே காட்டுறதில்லைங்க, வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. ஃப்ரேம், ஊசி, ஜர்தோசி, என் கை, அவ்வளவுதான் வீடியோவுல. யாருக்கும் என்னைத் தெரியாதுன்னு தைரியமா இருந்தேன். போன வாரம் பஸ்ல கம்பியைப் பிடிச்சு நின்னுட்டு இருக்கேன், பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு என் கையையே பாக்குது. அப்புறம் மெதுவா, "அக்கா, மயில் ப்ளவுஸ் போட்டது நீங்கதானே? பெருவிரல்ல அந்த மச்சம்…"

கல்யாணத்துக்கு மூணு ப்ளவுஸ் ஆர்டர் கொடுத்திருக்கா. வீட்ல இன்னும் சொல்லல.