ஃபேன்ஸ் நடத்துற கேம் சர்வர் சட்டப்படி சரியா?

கேள்வி:
காலேஜ்ல நாங்க நாலு பேர் விடிய விடிய ப்ளிஸார்ட் கம்பெனியோட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கிற ஆன்லைன் கேம் ஆடுவோம், பழைய வெர்ஷன். இப்போ திரும்ப ஆடலாம்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர், அதாவது கம்பெனி சர்வர் மாதிரியே வேலை செய்ற சாஃப்ட்வேர், எடுத்து வீட்லயே சின்ன சர்வர் போட்டிருக்கான். காசு எதுவும் வாங்கல. சர்வர் கோடு ஃபேன்ஸே எழுதினது, ப்ளிஸார்டோடது ஒரு வரி கூட இல்ல, அதனால கேஸ் நிக்காதுங்கிறான். நிஜமாவா?

பதில் 1:
இல்லங்க, அந்த வாதம் ஏற்கனவே தோத்துடுச்சு. பிநெட்டின்னு ஒரு இலவச சர்வர் இருந்துச்சு, ப்ளிஸார்டோட ஆன்லைன் சர்வரான பேட்டில்.நெட்டுக்கு பதிலா ஃபேன்ஸ் எழுதினது. 2005ல அமெரிக்காவோட எட்டாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் ப்ளிஸார்ட் பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு. இன்ஸ்டால் பண்றப்போ நாம படிக்காம ஓகே குடுக்கிறோமே, அந்த ஒப்பந்தத்துலயே ரிவர்ஸ் இன்ஜினியரிங், அதாவது கேம் எப்படி வேலை செய்யுதுன்னு பிரிச்சு ஆராயறது, கூடாதுன்னு இருக்கு, அது செல்லும்னுட்டாங்க. அதோட ஒரிஜினல் காப்பிதானான்னு காட்டுற சிடி கீயை பிநெட்டி செக் பண்ணாது, திருட்டு காப்பி வச்சிருக்கிறவனும் ஆடலாம், அதனால டிஎம்சிஏங்கிற அமெரிக்க டிஜிட்டல் காப்பிரைட் சட்டத்துலயும் சேர்ந்து மாட்டிக்கிச்சு. எனக்கு இந்த தீர்ப்பு அநியாயமாத்தான் படுது, காசு குடுத்து வாங்கின கேமை எந்த சர்வர்ல ஆடணும்னு நாமதானே முடிவு பண்ணணும்.

பதில் 2:
காசு வாங்கினா இன்னும் மோசம். ஸ்கேப்கேமிங்னு ஒரு வார்கிராஃப்ட் சர்வர் நடத்தினவங்களுக்கு 2010ல 8.8 கோடி டாலர் கட்ட சொல்லி தீர்ப்பு வந்துச்சு, மெம்பர் ஒருத்தருக்கு 200 டாலர்னு நாலு லட்சத்துக்கு மேல பேருக்கு கணக்கு போட்டாங்க, சம்பாதிச்ச 30 லட்சம் டாலரும் அந்த 8.8 கோடியில சேர்த்தி. ஆனா காசு வாங்கலன்னா விட்டுடுவாங்கன்னும் நம்பாதீங்க. நாஸ்டால்ரியஸ்னு ஃபேன்ஸ் நடத்தின வார்கிராஃப்ட் சர்வர்ல கேமுக்குள்ள எதையும் விக்கவே இல்ல, அவங்களுக்கும் சர்வர் வாடகைக்கு குடுத்த கம்பெனிக்கும் லீகல் நோட்டீஸ் போச்சு, 2016 ஏப்ரல் 10 அன்னைக்கு மூடிட்டாங்க. கடைசி ராத்திரி கூட்டம் கூட்டமா லாகின் பண்ணி ஒண்ணா நடந்து போனாங்க, வீடியோ பார்த்து அழுதேன்.

பதில் 3:
இந்திய காப்பிரைட் சட்டத்துல 52வது பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு. ரெண்டு புரோகிராம் ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு வேண்டிய தகவல் வேற வழியில கிடைக்கலன்னா, நியாயமா காப்பி வச்சிருக்கிறவர் அதை ஆராஞ்சு எடுக்கலாம். அது தகவலுக்கு மட்டும்தான், மேப், மியூசிக், கேரக்டரை எல்லாம் ஊருக்கு பங்கு போட அனுமதி இல்ல. காப்பி அடிக்காம தடுக்க வச்சிருக்கிற டிஜிட்டல் பூட்டை உடைச்சு காப்பிரைட்டை மீறினா அதே சட்டத்துல 2012ல வந்த 65ஏ பிரிவு படி ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

பதில் 4:
அனுமதி வாங்கின கதையும் இருக்குங்க. சிட்டி ஆஃப் ஹீரோஸ்ங்கிற ஆன்லைன் கேமை என்சிசாஃப்ட் கம்பெனி 2012ல மூடுச்சு, ஹோம்கமிங்னு ஃபேன்ஸ் சர்வர் வந்துச்சு, 2024 ஜனவரியில கம்பெனியே லைசென்ஸ் குடுத்துடுச்சு.

கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். 2019லேர்ந்து ப்ளிஸார்டே க்ளாஸிக்னு பழைய வெர்ஷனை நடத்துது, அதுல நாலு பேரும் சந்தா கட்டிடலாம்னு ஃப்ரெண்டுகிட்ட பேசறேன். அவன் சர்வரை இன்னைக்கே நிறுத்த சொல்லிட்டேன்.